சீனி இறங்கிய வீடு

எங்கள் வீட்டுக்காரருக்கு வாய்தான் மூலதனம். கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் சேல்ஸ்மேனாக நின்றவர். கல்யாணச் சாரி ஒன்று பார்க்க வந்த குடும்பம், துவாய், படுக்கை விரிப்பு, ஜன்னல் திரைச்சீலை என்று சுமந்துகொண்டு போகும். சிங்களத்தில் ஒரு மாதிரி பேசுவார், எங்கள் ஆட்களிடம் ஒரு மாதிரி பேசுவார், மடவளையிலிருந்து வரும் முஸ்லிம் பெண்களிடம் அவர்களுடைய தமிழிலேயே பேசுவார். இந்த வாயை மூட ஒரு பூட்டு இல்லையா என்று முதலாளிக்கே சில நாள் தோன்றுமாம். விற்பனை நடந்ததால் விட்டுவிட்டார்.

கடையில் செலவழித்தது போக மிஞ்சிய பேச்சை வீட்டுக்குக் கொண்டுவருவார். கண்டியிலிருந்து போனால் கெலிஓயாவுக்கு முன்னாலேயே எங்கள் வீடு. பஸ்ஸை விட்டு இறங்கி ஏற்றத்தில் நடந்து வரும்போதே யாரையாவது பிடித்துவிடுவார். வீட்டுக்குள் வந்ததும் நான் அகப்படுவேன். இன்றைக்கு வந்த மணப்பெண் எந்தக் கலரைப் பார்த்து முகம் சுளித்தாள், மாமியார் எதை எடுத்து அவள் தோளில் போட்டாள், கடைசியில் பில் போடும்போது யார் முகம் எப்படிப் போனது என்று ஒன்று விடாமல் நடித்துக் காட்டுவார். நானோ முன்பள்ளி டீச்சர். காலை முழுக்கச் சின்னப் பிள்ளைகளின் கூச்சலில் நின்றுவிட்டு வருகிறவள். "கொஞ்ச நேரம் வாய மூடுனா தேஞ்சா போயிருவீங்க?" என்று கத்துவேன். உடனே சண்டை தொடங்கும்.

நாங்கள் சண்டை போடாத நாள் இருந்திருக்காது. சம்பலில் தேசிக்காய்ப் புளி கூடிப் போய்விட்டது என்பார். கூடினால் நீங்களே இடித்துக்கொள்ளுங்கள் என்பேன். டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணோடுகூடச் சண்டை பிடிப்பார். அவள் பதில் சொல்லமாட்டாள் என்பதால் அவளுக்காக நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எங்கள் பிள்ளை கொழும்பில் வேலைக்குப் போன பிறகு வீட்டில் இருந்தது இரண்டே பேர். ஆனாலும் ரோட்டில் போகிறவர்களுக்குப் பத்துப் பேர் இருக்கிற வீடு மாதிரிக் கேட்கும்.

அந்தச் சத்தத்துக்காக நான் ஏங்கிய ஏக்கத்தை எப்படிச் சொல்வது? செத்துப்போனவர்களுக்காக ஏங்கலாம், வெளிநாடு போனவர்களுக்காக ஏங்கலாம். அதற்கெல்லாம் ஊரில் மரியாதை உண்டு, யாராவது வந்து கையைப் பிடித்து ஆறுதல் சொல்வார்கள். முன்னறையில், ஜன்னலோரக் கதிரையில், நான் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனிதருக்காக ஏங்கினால் யார் ஆறுதல் சொல்ல வருவார்?

சீனி அவருக்கு வந்து பல வருஷம் ஆகிறது. எங்கள் பக்கத்தில் வியாதியின் பெயரே சீனிதான். "அவருக்குச் சீனி" என்றால் எல்லாருக்கும் விளங்கும். அவரும் அதைப் பெரிய விஷயமாக எடுக்கவில்லை. கிளினிக் நாள் நெருங்கும்போது மட்டும் திடீர் பக்தி வந்துவிடும். மூன்று நாள் பாகற்காய், குரக்கன் பிட்டு, சீனி இல்லாத பிளேன்டீ. இரத்தம் எடுத்து முடிந்ததும் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியிலேயே ஒரு பால் தேத்தண்ணியும் பனிசும். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து "நல்லா இருக்கு" என்று சொல்வதைப் பரீட்சையில் பாஸானவர் மாதிரி வீட்டில் வந்து சொல்லிக்காட்டுவார். கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருக்கிற முக்கால்வாசிப் பேர் இதே வேலையைத்தான் செய்கிறார்கள் என்றும், யார் யார் என்ன தின்றுவிட்டு வந்து எப்படித் தப்பினார்கள் என்றும் கதை கதையாக அளப்பார். நான் திட்டுவேன். அவர் சிரிப்பார்.

பிறகு காலில் ஒரு செருப்புக் கடி. கடித்ததே அவருக்குத் தெரியவில்லை, பாதம் அந்த அளவுக்கு மரத்துப் போயிருந்தது. புண் ஆறாமல் இழுத்தது. மாதக் கணக்கில் மருந்து கட்டினோம். விரலை எடுக்க வேண்டி வருமோ என்று ஒரு கட்டத்தில் பயந்தோம். எடுக்காமலே ஆறிவிட்டது. ஆனால் நாள் முழுக்க நிற்கிற வேலைக்கு இனிப் போகக்கூடாது என்றுவிட்டார்கள். கடையில் மாலை போட்டு, கேக் வெட்டி, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். கேக்கைச் சாப்பிடக்கூடாது என்று நான் கண்ணால் எச்சரித்ததும், ஊட்ட வந்த பையனிடம் "எங்க வீட்டு பொலிஸ் பாத்துக்கிட்டு நிக்குது" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தார். அவர் மற்றவர்களைச் சிரிக்க வைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான் கடைசி.

பேச்சு ஒரே நாளில் நிற்கவில்லை. குழாயில் தண்ணீர் குறைகிற மாதிரி, நூலாகி, சொட்டாகி, பிறகு எப்போது நின்றது என்று தெரியாமல் நின்றது. முதலில் டிவியோடு சண்டை போடுவதை விட்டார். பிறகு டிவியையே விட்டார். காலையில் நடக்கப் போவதை விட்டார். ஏற்றம், கால் வலிக்கிறது என்றார். மாத்திரையை மறந்தார். ஒருமுறை கிளினிக் நாள் வந்தபோது பாகற்காய் வாங்கி வந்து வைத்தேன், "என்னத்துக்கு?" என்று கேட்டார். டாக்டரை ஏமாற்றக்கூட அவருக்கு மனம் இல்லை. ஏமாற்ற நினைக்கிறவனுக்கு நாளைக்கும் இருக்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. இவருக்கு அதுவும் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

அந்த முறை ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் கோபப்பட்டார். இன்சுலின் ஊசி தொடங்கினார்கள். வீட்டிலேயே விரலில் குத்திச் சீனி பார்க்கிற மெஷின் ஒன்றைப் பிள்ளை கொழும்பிலிருந்து வாங்கி அனுப்பினான். அதற்குப் பிறகு பொறுப்பெல்லாம் என் கைக்கு வந்தது. நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. சோற்றை அளந்து போட்டேன். அலுமாரியில் இருந்த பிஸ்கட் டின்னைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். காலையில் எழுந்ததும் "எத்தன?" என்று கேட்பேன். அவர் நம்பரைச் சொல்வார். ஸ்கூல் விட்டு வந்ததும் "எத்தன?" அதற்கும் ஒரு நம்பர். கூடியிருந்தால் அன்றைக்குச் சோற்றுக் கரண்டி சின்னதாகும். அவர் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. நடங்க என்றால் சரி, குத்துங்க என்றால் சரி, குரக்கன் என்றால் சரி. சீனி இறங்க ஆரம்பித்தது.

சீனி இறங்கினால் மனிதர் பழையபடி ஆகிவிடுவார் என்று நான் உறுதியாக நம்பினேன். உடம்பில் சீனி ஏறிக் கிடப்பதால்தான் இந்தச் சோர்வு, இந்த மௌனம் என்று நானே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஆகவே ஒவ்வொரு நல்ல நம்பருக்குப் பிறகும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒன்றும் வராது.

பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. ஆகவே சீண்டிப் பார்த்தேன். சம்பலில் வேண்டுமென்றே இரண்டு தேசிக்காயைப் பிழிந்தேன். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினார். அவருக்குப் பிடிக்காத, "ஆஸ்பத்திரிச் சுவர் கலர்" என்று அவரே பெயர் வைத்த பச்சைச் சாரியைக் கட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். "நல்லாத்தான் இருக்கு" என்றார். கடைசி ஆயுதமாக, அவருடைய கடைக்கு எதிர்க்கடையில்தான் இப்போது நல்ல சாரி வருகிறது, நான் அங்கேதான் வாங்கப்போகிறேன் என்றேன். அந்தக் கடைக்காரனின் பெயரைச் சொன்னாலே ஒரு மணித்தியாலம் பேசுகிறவர், "சரி, வாங்கு" என்றார். நான் குசினிக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். எதிர்க்கடைச் சாரிக்காக அழுதவள் இந்தக் கண்டி டிஸ்ட்ரிக்டிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பக்கத்து வீட்டுப் பெண் மடவளையிலிருந்து கல்யாணம் முடித்து வந்தவள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள். "ஒங்கட மாப்பிள்ள தங்கமான மனுசன் டீச்சர். சத்தமே கேக்கல்ல. எங்கட ஊட்டு மனுசனுக்கும் சீனிதான். எல்லாம் கொறஞ்சி, வாய் மட்டும் கொறயல்ல" என்றாள். உள்ளே அவளுடைய கணவர் எதற்கோ கத்துவது கேட்டது. எனக்கு அவள்மேல் வந்த பொறாமை அவளுக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததையும் சொல்ல வேண்டும். அன்றைக்குக் காஸ் முடிந்து, விறகில் சமைத்ததால் பகல் சாப்பாடு பிந்திவிட்டது. அவர் ஊசியைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். நான் ஊதாங்குழலோடு புகையில் நிற்கிறேன், முன்னறையிலிருந்து பழைய குரல் கேட்டது.

"இந்த வீட்ல ஒரு சாமான் வச்ச எடத்துல இருக்கா? மனுஷன் கண்ணாடிய எங்கனு தேடுறது? வெளக்கமாத்தையும் கண்ணாடியையும் ஒரே எடத்துல வைக்கிற பொம்பளைய இந்த ஒலகத்துல நான் பாத்ததில்ல!"

நான் ஊதாங்குழலைப் போட்டுவிட்டு ஓடினேன். சொன்னால் யாரும் நம்பமாட்டீர்கள், சந்தோஷத்தில் ஓடினேன். "அம்மாக்காரி என்னத்த பழக்கி அனுப்பினா?" என்று எங்கள் அம்மாவையும் இழுத்தார். எத்தனை காலத்துக்குப் பிறகு எங்கள் அம்மாவை இழுக்கிறார்! பதிலுக்கு அவருடைய அம்மாவை இழுக்க நான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் அவருடைய சட்டையைப் பார்த்தேன். முதுகெல்லாம் வேர்த்து ஒட்டியிருந்தது. கை நடுங்கியது. கண்ணாடி அவர் மூக்கிலேயே இருந்தது.

சீனி இறங்கிப் போயிருந்தது. அளவுக்கு மீறி இறங்கினால் இப்படி எரிச்சலும் கோபமும் வரும், உடனே இனிப்புக் கொடுக்க வேண்டும் என்று கிளினிக் நர்ஸ் மிஸ் அவரிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். ஓடிப்போய்த் தண்ணீரில் சீனியைக் கரைத்தேன். கை தயங்கவே இல்லை. மனசுதான் ஒரு நொடி நின்றது. இதைக் குடித்தால் இவர் பிழைப்பார், அந்தக் குரல் போய்விடும் என்று எனக்குத் தெரியும். தம்ளரை அவர் உதட்டில் வைத்து, தலையைப் பிடித்துக் குடிக்க வைத்தேன். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. கண்ணைக் கசக்கிக்கொண்டு, "என்னமாச்சும் ஏசுனேனா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "சரி" என்று சாய்ந்துகொண்டார். ஜன்னலுக்கு வெளியே வழக்கம்போல மழை தொடங்கியது.

அந்தக் குரல் உள்ளே எங்கேயோ இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, வதையாகவும் இருந்தது. இருக்கிறது என்று தெரியாமல் இருந்திருந்தால் ஒருவேளை ஏக்கம் மெல்ல ஆறியிருக்கும்.

அதற்கு அடுத்த கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். எப்போதும் அவரே தனியாகப் போய் வருவார், எனக்கு ஸ்கூல். அன்றைக்கு லீவு போட்டேன். எப்படியாவது டாக்டரிடம் இந்த மௌனத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸிலேயே மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்று, பெயர் வேண்டாம். விடிய வெறும் வயிற்றோடு போய், இரத்தம் கொடுத்து, வாங்கில் நகர்ந்து நகர்ந்து, எங்கள் முறை வரப் பகலாகிவிட்டது.

உள்ளே புதிதாக ஒரு டாக்டர், இளம் பெண். நெற்றியில் சின்னதாக விபூதி. வழக்கமாகச் சிங்கள டாக்டர்கள்தான் இருப்பார்கள். என் சிங்களம் சந்தையில் மரக்கறி வாங்கப் போதும், மனசைச் சொல்லப் போதாது. அதனால் அந்தப் பிள்ளை "வாங்கோ ஐயா, இருங்கோ" என்றதும் எனக்குச் சாமியைக் கண்ட மாதிரி இருந்தது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை.

ரிப்போர்ட்டைப் பார்த்து அவளுடைய முகம் மலர்ந்தது. "சீனி நல்லா இறங்கியிருக்கு ஐயா. கெட்டிக்காரன். வீட்டில எப்பிடி அம்மா, ஐயா சுகமா இருக்கிறாரோ?" என்று என்னைக் கேட்டாள்.

இதுதான் சமயம் என்று நான் கொட்டினேன். "முன்னெல்லாம் ஓயாம பேசுவாருங்க டாக்டர். எந்திரிச்சதுலருந்து படுக்குற வரைக்கும் பேச்சுதான். இப்ப ஒரு வருஷமாப் போகுது, பேசுறதே இல்லீங்க."

அவள் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவ்வளவு அன்பான சிரிப்பு. "அது நல்லம் தானே அம்மா. சீனி கூடிக் குறைஞ்சு நிண்டா ஆக்களுக்குக் கோவமும் எரிச்சலும் வாறதுதான். இப்ப சீனி ஒரு நிலைக்கு வர ஐயாவின்ர குணமும் நிலைக்கு வந்திட்டுது. நீங்களும் பாவம், எவ்வளவு காலம் பேச்சு வாங்கியிருப்பியள். இனி நிம்மதியா இருங்கோ."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேசவில்லை என்கிறேன், நிம்மதியாக இரு என்கிறாள். இந்தப் பிள்ளைக்கும் பக்கத்து வீட்டுக்காரியின் புத்திதானா என்று நினைத்தேன். அவள் மருந்துத் துண்டை எழுதி நீட்டினாள், மிஸ் அடுத்த நம்பரைக் கூப்பிட்டாள், நாங்கள் வெளியே வந்து நின்றோம். எனக்குக் கோபத்தில் கண் நிறைந்துவிட்டது. ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், பாராட்டி அனுப்பிவிட்டார்கள்.

மருந்து எடுக்கிற ஜன்னல் பக்கம் நடக்கும்போது அவர் சொன்னார்.

"அந்தப் புள்ள தப்பா வெளங்கிக்கிச்சு. அவங்க ஊர்ல பேசுறதுன்னா ஏசுறது. நம்ம பேசுறத அவங்க கதைக்கிறதும்பாங்க. கடைக்கு வாற யாழ்ப்பாணத்து ஆளுங்ககிட்ட நானே மாட்டிக்கிட்டு முழிச்சிருக்கேன். ஒருக்கா ஒரு பொண்ணு, 'அம்மா பேசுவா, இந்தச் சாரி வேணாம்'னுச்சு. அம்மா வந்து பேசட்டும்மா, நான் பேசி வெல கொறச்சுத் தாறேன்னேன்."

நான் நடக்காமல் நின்றுவிட்டேன். அவர் சொன்ன விஷயம் பிறகுதான் மண்டைக்குள் போனது. எத்தனை வசனம் பேசினார் என்றுதான் முதலில் உறைத்தது. உதட்டோரத்தில் ஏதோ ஒன்று அசைந்த மாதிரியும் இருந்தது. அதற்குள் முகம் மூடிக்கொண்டது. "சரி, வா, லைன் கூடிரும்" என்று முன்னால் போனார்.

நான் அவருடைய கையைப் பிடித்துத் திருப்பி இழுத்தேன். வாங்கில் இருந்தவர்கள் சிங்களத்திலும் தமிழிலும் முணுமுணுத்தார்கள். மிஸ் குறுக்கே கையை நீட்டினாள். நான் மூர்க்கமாக உள்ளே போய், "டாக்டர், நான் சொன்னது அது இல்ல" என்றேன். "ஏசுறது நின்னுச்சுன்னு சொல்ல வரலீங்க. கதைக்கிறது நின்னுபோச்சு. ஏசுறதும் நின்னுபோச்சு. எனக்கு ரெண்டும் வேணும் டாக்டர்."

அந்தப் பிள்ளையின் முகம் மாறியது. "ஐயோ, குறை நினைக்காதேங்கோ அம்மா" என்று, உள்ளே இருந்த நோயாளியைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, எங்களை உட்கார வைத்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கதிரையை அவர் பக்கம் இழுத்துப் போட்டு, நித்திரை வருகுதா, சாப்பாட்டில் ருசி இருக்கிறதா, எதிலாவது விருப்பம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். கடைசியில், "ஏன் ஐயா அம்மாவோட கதைக்கிறேல்ல?" என்றாள்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"உள்ளுக்குள்ள கல்லு வச்சாப்புல இருக்கு டாக்டர். இவகிட்ட சொல்லணும்னு காலையில நெனப்பேன். எந்திரிச்சு வருவா, 'எத்தன?'ம்பா. நம்பரச் சொல்லுவேன். நல்ல நம்பர்னா இவ மூஞ்சி எம்புட்டுச் சந்தோஷமாகுது தெரியுங்களா. அதப் பாத்துட்டு, இல்ல, எனக்கு முடியலன்னு எப்புடிச் சொல்றது? ஸ்கூல் விட்டு வந்து திரும்ப 'எத்தன?'ம்பா. நான் என்ன பேசுறது? எங்கிட்ட இருக்குறது அந்த நம்பர் மட்டுந்தான்."

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. அவருக்கு என்மேல் எந்த வருத்தமும் இல்லை. நான் சந்தோஷப்பட வேண்டும் என்று விரலில் குத்திக் குத்தி எனக்கு நல்ல நம்பராகப் பார்த்து எடுத்துக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார். ஒரே வீட்டுக்குள் நான் அவருடைய பேச்சுக்கு ஏங்கிக்கொண்டிருக்க, அவர் என்னிடமிருந்து வேறு ஒரு கேள்விக்குக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

டாக்டர் எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "சீனி வருத்தம் உள்ள ஆக்களுக்கு மனச்சோர்வு வாறது புதுமையில்லை அம்மா. சீனி ஏறி இறங்கிறது மனத்தையும் பிடிக்கும். மனம் சோர்ந்தால் நடக்கமாட்டினம், மருந்தை விட்டிடுவினம், சீனி ஏறும். ஒண்டை ஒண்டு இழுக்கும். ஆனா சீனி இறங்கினவுடன மனமும் தன்ர பாட்டில எழும்பும் எண்டில்லை. அதைத் தனியாப் பார்க்க வேணும். அதுக்கு மருந்தும் இருக்கு, இருந்து கதைக்கிற டாக்டர்மாரும் இருக்கினம். வெக்கப்பட ஒண்டுமில்லை ஐயா." வேறொரு கிளினிக்குக்குக் கடிதம் எழுதித் தந்தாள். அவர் அதை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போகமாட்டேன் என்று சொல்லவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் கம்பளை பஸ்ஸில் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. அவரை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தேன். ஏதாவது பேச வேண்டும் என்று வாயைத் திறந்தேன். நாக்கு நுனிக்கு வந்தது, பசிக்கிறதா, தலை சுற்றுகிறதா, ஊசி எத்தனை மணிக்குப் போட வேண்டும் என்பவைதான். ஒவ்வொன்றையும் விழுங்கினேன். விழுங்கிப் பார்த்தால் என்னிடம் வேறு வசனமே இல்லை. காலை முழுக்கப் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறவள், கட்டின புருஷனிடம் சொல்ல ஒரு கதை இல்லாமல் கெட்டம்பே வரை வாய்மூடி வந்தேன்.

பேராதெனியப் பாலத்தில் பஸ் ஏறும்போது, "நேத்து ஸ்கூலுக்கு ஒரு புள்ள சாப்பாட்டுப் பெட்டியில கோழிக்குஞ்சு வச்சுக் கொண்டாந்துருச்சு" என்றேன்.

அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டிருக்காது என்றே எனக்குத் தோன்றியது. பஸ் பாலத்தைத் தாண்டி, வளைவு திரும்பி, கொண்டக்டர் யாருக்கோ மிச்சக் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

"அப்பறம்?" என்றார் அவர்.

முகத்தைத் திருப்பவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார்.

அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளையின் தாய்க்குச் சொல்லி அனுப்பினோம், அவள் வந்து குஞ்சை எடுத்துக்கொண்டு போனாள், அவ்வளவுதான் கதை. நான் அப்படிச் சொல்லவில்லை. குஞ்சு பெட்டியிலிருந்து குதித்து ஓடியதாகச் சொன்னேன். மேசைக்குக் கீழே பிள்ளைகள் எல்லாரும் தவழ்ந்ததாகச் சொன்னேன். அந்த நேரம் பார்த்துப் பெரிய டீச்சர் உள்ளே வந்ததாகவும், குஞ்சு அவருடைய சாரிக் கரைக்குள் புகுந்துகொண்டதாகவும் சொன்னேன். சாரி என்ன கலர் என்று கேட்டார். சொன்னேன். அந்தக் கலரில் கறை பட்டால் போகாது என்றார். ஆமாம், போகவே இல்லை, அதனால் அடுத்து என்ன நடந்தது தெரியுமா என்று நான் மேலே மேலே கட்டிக்கொண்டு போனேன். என் கண்ணில் தண்ணீர் வழிந்ததை முன் சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

நாங்கள் இறங்க வேண்டிய பஸ் ஹோல்ட் வந்தது. இறங்க வேண்டியவர்கள் இறங்கினார்கள். நான் எழுந்திருக்காமல் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன், பஸ் கெலிஓயாவைப் பார்த்துப் போனது.